சரத்தில் தொங்கும் ஷாம்பில் என்ன இருக்கிறது?

லப்பைக்குடிக்காட்டில் எந்தப் பெட்டிக்கடை முன்னால் நின்றாலும் தலைக்கு மேலே ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். "பாய், பொடுகு ஷாம்பு நாலு குடுங்க" என்றால் நாலைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாக்கெட்டைத் திருப்பி, பொடுகைப் போக்க உள்ளே எந்த மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் அந்த வரியே இருக்காது. அது அச்சில் விட்டுப்போன வரியல்ல. விட்டுவிடலாம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி ஷாம்பு, கிரீம், சோப்பு எதுவானாலும் அதில் சேர்ந்த பொருள்களின் பட்டியலை மேலே அச்சிட வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ இருப்பவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 60 மில்லிக்குக் குறைவான திரவப் பொதிக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை. 200 மில்லி பாட்டில் வாங்குகிறவருக்கு உள்ள உரிமை, இரண்டு ரூபாய் பாக்கெட் வாங்குகிறவருக்கு இல்லை. சில கம்பெனிகள் தாமாகவே பொடி எழுத்தில் அச்சிடுகின்றன. அது அவர்கள் விருப்பம், நாம் வற்புறுத்திக் கேட்க முடியாது.

ஷாம்பைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்குக் கொண்டு சேர்த்த வித்தை, நம் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடியில் தொடங்கும் கடலூர் மாவட்டத்தில் வளர்ந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதன் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 'சிக்' ஷாம்பைத் தொடங்கினார். கூலி வேலைக்குப் போகிற பெண்ணாலும் பாட்டில் வாங்கக் காசு சேர்க்காமல் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கித் தலை குளிக்க முடிந்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அவள் வாங்குவது சாதாரண ஷாம்பாக இருந்த வரைக்கும் பட்டியல் இல்லாதது சின்னக் குறைதான். பொடுகு ஷாம்பு அப்படியல்ல. அதில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து இருக்கிறது.

நம் நாட்டுப் பொடுகு ஷாம்புகளில் அதிகம் சேர்வது ஜிங்க் பைரிதியோன். பாட்டிலில் பைரிதியோன் ஜிங்க் என்றும் இசட்.பி.டி. என்றும் எழுதியிருப்பார்கள். 1961-இல் அமெரிக்காவில் 'ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்' விற்பனைக்கு வந்ததிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பொருள் இது. பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சை எல்லோருடைய தலையிலும் குடியிருக்கிறது. தலைச் சருமத்தில் ஊறும் எண்ணெய்ப் பசையைச் சிதைத்து உண்கிறது. மிச்சமாக விடும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய சருமத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. சருமம் எரிச்சல்பட்டு வேகமாகப் புதுத் தோலை உண்டாக்குகிறது, பழைய தோல் செதில் செதிலாக உதிர்கிறது. பைரிதியோன் அந்தப் பூஞ்சையின் உடலுக்குள் செம்பை அளவுக்கு மீறி நுழைய வைக்கிறது. பூஞ்சை உயிர்வாழத் தேவையான புரதங்கள் அதனால் கெட்டுப்போகின்றன. பூஞ்சை அடங்குகிறது, அரிப்பு குறைகிறது. பொடுகு அடியோடு போய்விடாது. நிறுத்தினால் பூஞ்சை மீண்டும் பெருகும். 'ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு' என்று எந்த விளம்பரம் சொன்னாலும் அது பொய்.

இந்தப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்துவிட்டது. செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது 'புற்றுநோய் ஷாம்பு' என்ற தலைப்போடு வருகிறது. அது தவறு. நடந்தது வேறு. விலங்குகளுக்கு அதிக அளவில் உள்ளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் கருவில் வளரும் குட்டிக்குப் பாதிப்பு தெரிந்தது. அதனால் 'கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது' என்ற வகையில் அதைச் சேர்த்தார்கள். அங்குள்ள சட்டப்படி அந்த வகையில் சேர்ந்த பொருளை, வேறு மாற்றே இல்லை என்று நிரூபித்தால்தான் தொடர்ந்து பயன்படுத்தலாம். பிரோக்டோன் ஒலமைன் போன்ற மாற்றுகள் இருந்ததால் தடை வந்தது. அதே ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020 மார்ச்சில், கழுவிவிடும் பொடுகு ஷாம்பில் 1 சதவீதம் வரை இருந்தால் ஆபத்தில்லை என்றும் கருத்துச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் கழுவிவிடும் ஷாம்பில் 2 சதவீதம் வரை இன்றும் அனுமதி உண்டு.

ஆக, பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டிய அவசரம் இல்லை. 6 மில்லி பாக்கெட்டில் 1 சதவீதம் என்றால் ஏறத்தாழ 60 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகமிகக் கொஞ்சம். ஆனால் தூய பொடியாக எடுத்தால் இது விஷம்தான். மூச்சில் போனால் உயிருக்கு ஆபத்து, விழுங்கினால் நஞ்சு, கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு. எலிகளுக்குத் தொடர்ந்து உள்ளுக்குக் கொடுத்தபோது பின்னங்கால்கள் பலமிழந்தன. ஷாம்பில் அது நீர்த்துப்போயிருப்பதால்தான் நாம் தலையில் தேய்க்கிறோம். ஆகவே கவனிக்க வேண்டியது அளவும் ஆளும். கைக்குழந்தையின் உச்சியில் ஏடு ஏடாக ஒட்டியிருப்பதைப் பொடுகு என்று நினைத்து இந்த ஷாம்பைப் போடக் கூடாது. அது பெரும்பாலும் தானாகவே போய்விடும். கருவுற்றிருக்கும் பெண்கள் அந்த மாதங்களில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வேறு ஷாம்புக்கு மாறுவது நல்லது. இது பயத்தால் சொல்வதல்ல. மாற்று கையருகில் இருக்கும்போது வீண் சந்தேகம் எதற்கு? கண்ணில் பட்டால் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குழந்தை பாக்கெட்டைக் கடித்து விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி உள்ளே என்ன இருந்தது என்பதுதான். பல பாக்கெட்டுகளில் பதில் இருக்காது.

தலையில் போட்ட பிறகு அரிப்பு கூடினாலோ, காது மடலும் நெற்றியும் சிவந்தாலோ ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பலருக்கு அந்த ஒவ்வாமை பூஞ்சை மருந்தால் வருவதில்லை. வாசனைப் பொருளாலோ, மீத்தைல் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியாலோ வருகிறது. எதால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு இன்னொரு வகை. இரண்டு சதவீதத்தில் வரும். வாரம் இரண்டு முறை, சில வாரங்கள் மட்டும் என்று மருத்துவர் எழுதுவார். தலையில் போடுவது இரத்தத்தில் கலப்பது அபூர்வம். ஆனால் அதே பெயரில் மாத்திரையும் இருக்கிறது. கல்லீரலைக் கெடுக்கிறது என்பதால் 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னது. அதே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. இருதய மருந்துகள், கொழுப்பு மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தாலும் அது ஆபத்து. "ஷாம்பு போட்டும் போகலை, உள்ளுக்கு எதாவது குடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பூஞ்சை மாத்திரை வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த லோஷனும் அப்படித்தான். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து பழைய தொல்லை இரண்டு மடங்காகத் திரும்பும். ஒரு மாதம் சரியாகப் போட்டும் பொடுகு குறையவில்லை என்றாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். அது சொரியாசிஸாகவோ படையாகவோ இருக்கலாம்.

சரியாகப் போடுவது என்றால், நுரை வந்ததும் அலசிவிடாமல் தலைத் தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு வைப்பது. வாரம் இரண்டு முறை போதும். பலர் முடியில் தேய்த்து உடனே கழுவிவிட்டு, ஷாம்பு வேலை செய்யவில்லை என்று தினமும் போட ஆரம்பிக்கிறார்கள். ஈரத் தலையோடு முக்காடு போடுவதையும் ஹெல்மெட் மாட்டுவதையும் தவிர்த்து உலர விடுங்கள்.

நம் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். பெட்டியில் ஷாம்பு பாட்டில் வரும். 'வெளிநாட்டுச் சரக்கு, நல்லதாத்தான் இருக்கும்' என்று அப்படியே தலையில் ஊற்றிவிடுவோம். ஒரே பெயருள்ள ஷாம்பு ஐரோப்பாவில் பிரோக்டோன் ஒலமைனோடும் வேறு நாட்டில் ஜிங்க் பைரிதியோனோடும் வரலாம். பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பாட்டிலின் பின்புறத்தைப் போனில் படம் எடுத்து, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். பட்டியலின் கடைசிப் பகுதியையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். ஒரு சதவீத மருந்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெள்ளாற்றையும் நினைக்க வேண்டும். ஜிங்க் பைரிதியோனைக் கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயின்ட்டிலும் சேர்க்கிறார்கள். நீர்வாழ் உயிர்களை அவ்வளவு கடுமையாகப் பாதிக்கும் பொருள் அது. மிகக் குறைந்த அளவிலேயே மீன் முட்டைக்குள் வளரும் குஞ்சின் முதுகெலும்பு கோணிப்போகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெயில் பட்ட தெளிந்த நீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடுகிறது என்பது ஆறுதல். இருண்ட சாக்கடையில் அந்த ஆறுதல் இல்லை. நம் கழிவு நீர் போய்ச் சேரும் ஆறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. பாக்கெட்டை ஆற்றங்கரையில் கிழித்துப் போட்டுக் குளிக்காதீர்கள்.

பாதிப்பு வந்தால் என்ன செய்யலாம்? முதலில் பில் வேண்டும். பாக்கெட்டுக்குப் பில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், அதற்குக் கூசக் கூடாது. பாதி மிஞ்சிய பாக்கெட்டை எறியாமல் வையுங்கள். தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மருத்துவரின் சீட்டைச் சேர்த்து வையுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பெரம்பலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட முடியும். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கீட்டோகோனசோல் போன்ற மருந்தால் பாதிப்பு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பின் எண் அது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-இன் 26-ஆம் பிரிவு. நீங்கள் வாங்கிய ஷாம்பை, உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெற அது உங்களுக்கு உரிமை தருகிறது. போலிப் பாக்கெட் என்று சந்தேகம் வந்தால் இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. பொய் விளம்பரம் செய்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

இத்தனை வழிகளும் பாதிப்பு வந்த பிறகு ஓடுவதற்கானவை. வருமுன் காக்க வேண்டுமானால் அந்த 60 மில்லி விலக்கை எடுக்க வேண்டும். பாக்கெட்டில் இடமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. நடிகையின் படத்துக்கு இடமிருக்கிறது. பூஞ்சை மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் தமிழில் எழுத ஒரே ஒரு வரி போதும். முழுப் பட்டியலுக்குப் போனில் படம் பிடிக்கும் கியூ.ஆர். கட்டம் ஒன்று போதும். லப்பைக்குடிக்காடு பேரூராட்சி மன்றமும், ஊர் ஜமாஅத்தும், மகளிர் குழுக்களும் இதைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டு, டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் கடையில் நிற்கும்போது, மருந்தின் பெயர் அச்சிட்ட பாக்கெட்டைத்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள்.