சுனில் சேத்ரிக்கு இணையத்தில் எவ்வளவு மவுசு?

"எங்கள் வீரருக்குத்தான் இணையத்தில் ரசிகர்கள் அதிகம்" என்ற வாக்குவாதம் நண்பர்களிடையே அடிக்கடி வருவதுண்டு. இதை அளந்து பார்க்க முடியுமா? முடியும். அதற்கான வசதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை தரும் எண்களின் பொருளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

ஜப்பான் கால்பந்து வீரர் ஹிடெடோஷி நகாடா 2006 ஜூலையில் ஓய்வு பெறுவதைத் தன் சொந்த இணைய தளத்தில்தான் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம்தான் கூகுள் ட்ரெண்ட்ஸ் வெளியானது.

நம் நாட்டு உதாரணம் சுனில் சேத்ரி. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றது. சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்தவர்களோ சுமார் 2,500 பேர். மறுநாள், மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டு அவர் ட்விட்டரில் ஒரு வீடியோ வெளியிட்டார். விராட் கோலி அதைப் பகிர்ந்தார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் நடந்தது சேத்ரியின் 100வது சர்வதேசப் போட்டி. டிக்கெட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன!

இந்த அலையை நீங்களே அளந்து பார்க்கலாம்.

கூகுள் ட்ரெண்ட்ஸ்

தளத்தைத் திறந்து சேத்ரியின் பெயரை டைப் செய்யவும். நாடு இந்தியா, காலம் 2018 மே முதல் ஜூலை வரை எனத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் வரைபடத்தில் 100 என்பது 100 பேர் அல்ல. அந்தக் காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த நாளே 100. மற்ற நாட்கள் அதனுடன் ஒப்பிட்டுக் காட்டப்படும். 0 என்றால் யாரும் தேடவில்லை என்று பொருளல்ல. போதிய தகவல் இல்லை என்பதே பொருள்.

பெயரை டைப் செய்யும்போது விரியும் பட்டியலில் வீரரைக் குறிக்கும் "தலைப்பு" இருந்தால் அதையே க்ளிக் செய்யவும். வெவ்வேறு எழுத்துக்கூட்டலில், வெவ்வேறு மொழியில் தேடியவையும் அதில் சேரும்.

விக்கிபீடியா பேஜ்வியூஸ்

ஒரு கட்டுரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற உண்மையான எண்ணிக்கையை இது நாள்வாரியாகத் தரும். 2015 ஜூலை முதல் கணக்கு உள்ளது. தமிழ், ஆங்கிலக் கட்டுரைகளைத் தனித்தனியே பார்க்கலாம்.

ஃபாலோயர்கள்

இதை மட்டும் நம்ப வேண்டாம். ஒருமுறை சேர்ந்தவர் பின்னர் எட்டிப் பார்க்காவிட்டாலும் எண்ணிக்கையில் இருப்பார். போலிக் கணக்குகளும் உண்டு. 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கிய கணக்குகளைக் கழித்தபோது பல பிரபலங்களின் எண்ணிக்கை ஒரே நாளில் இறங்கியது.

சிவகிரியில் எத்தனை பேர்?

தென்காசி மாவட்டம் சிவகிரி போன்ற சிற்றூர்களில் ஒரு வீரரை எத்தனை பேர் தேடினார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்காது. தேடல் குறைவு என்பது ஒரு காரணம். இணைப்பின் முகவரியை வைத்து ஊரைக் கணிப்பதால், சிவகிரியில் தேடியது வேறு நகரத்தின் கணக்கில் சேர்ந்துவிடலாம் என்பது இன்னொன்று. "சிவகிரி" என்ற பெயரையே தேடினாலும் குழப்பம்தான். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு. கேரளத்தில் வர்க்கலா அருகே ஸ்ரீ நாராயண குருவின் சமாதி உள்ள இடமும் சிவகிரியே. ஒரே பெயர் கொண்ட வீரர்களுக்கும் இதே சிக்கல் வரும்.

எனவே ஒரே அளவுகோலை நம்பாமல் இரண்டு, மூன்றை ஒப்பிடுங்கள். அந்த நாளில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். விளம்பர நிறுவனங்கள் வீரர்களைத் தேர்ந்தெடுக்க இத்தகைய எண்களைப் பார்க்கின்றன. கணக்கில் வராத ஊர்களின் வீரர்களுக்கு இதனால் இழப்புதான். திரையில் ஏறும் கோடு ஆர்வத்தைக் காட்டும். மைதானத்தில் நிரம்பும் இருக்கைதான் ஆதரவைக் காட்டும்.