பழைய விளையாட்டும் புதிய கணினியும்

1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் கணினி விளையாட்டை, பத்தாண்டு கழித்து வந்த விண்டோஸ் 7 கணினியில் இயக்கியோர் பலர் திகைப்புற்றனர். புல்வெளி செந்நிறமாகவும் நீர்நிலை ஊதாவாகவும் தோன்றின. திரையிலும் பழுதில்லை; இறுவட்டிலும் பழுதில்லை.

காரணம் யாதெனில், அக்காலக் கணினிகளின் நினைவகம் சிறிதாதலின், அவ்விளையாட்டு ஒரே வேளையில் 256 நிறங்களையே கையாண்டது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை ஓர் அட்டவணை உரைக்கும். விண்டோஸ் முகப்பை நடத்தும் ‘எக்ஸ்புளோரர்’ என்னும் செயலி இடையிட்டு அவ்வட்டவணையை மாற்றிவிடுகின்றது. எண் அதுவே, பொருள் வேறாயிற்று.

விளையாடி முடியும்வரை எக்ஸ்புளோரரை நிறுத்திவைத்தல் ஒரு வழி. அதனினும் நிலையான வழி, இடையே ஒரு மொழிபெயர்ப்பாளனை அமர்த்துவதாகும். ‘டிஜிவூடூ’ என்னும் இலவசச் செயலி அத்தகையது. அதற்குரிய கோப்புகளை விளையாட்டு இருக்கும் கோப்புறையில் இட்டால், பழைய கட்டளைகளைப் புதிய வரைகலை அட்டை அறியும் கட்டளைகளாக அது மாற்றித் தரும். இடுவதற்கு முன் கோப்புறையைப் படியெடுத்து வைத்தல் நன்று. செயலியையும் அதனை ஆக்கியவரிடமிருந்தே பெறுதல் வேண்டும்.

‘கிளைட்’ என்னும் கட்டளைமொழியை வகுத்த ‘3டிஎப்எக்ஸ்’ நிறுவனம் 2002இல் முறிந்துபோயிற்று. எனினும், அம்மொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகள் இத்தகைய மொழிபெயர்ப்பினால் இன்றும் இயங்குகின்றன. ஆதலின், அலுமாரியிலுள்ள பழைய இறுவட்டை எறிய எண்ணுவோர் சற்றுப் பொறுத்தல் நலம். படம் பிழைத்ததனால் விளையாட்டு அழிந்ததாகாது.