குடிக்க நல்ல தண்ணீர் கார் இன்ஜினுக்கும் நல்லதா? கூலன்ட்டில் எந்தத் தண்ணீரைக் கலக்க வேண்டும்?

மே மாத விடுமுறையில் கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி மலைப்பாதைகளில் போனவர்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஓரமாக ஒரு கார் நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே இருந்து ஆவி வரும். குழந்தைகள் மதில் சுவரில் உட்கார்ந்திருக்க, ஒருவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

இன்ஜின் சூடாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஃபேன் வேலை செய்யாமல் இருக்கலாம், ஹோஸில் லீக் இருக்கலாம், தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். ஆனால், பலர் யோசிக்காத ஒரு காரணமும் இருக்கிறது. ஓராண்டுக்கு முன்பு கூலன்ட் மாற்றியபோது, அதோடு எந்தத் தண்ணீரைக் கலந்தார்கள்?

'தண்ணீர்தானே, எதுவானால் என்ன?' என்று தோன்றும். சில லிட்டர் தண்ணீரில் காட்டும் அலட்சியம், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று பல ஆயிரம் ரூபாய் செலவில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதால், இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

கூலன்ட்டுக்குத் தண்ணீர் எதற்கு?

கடையில் விற்கும் கூலன்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கெட்டியான கான்சன்ட்ரேட். தண்ணீர் கலந்துதான் இதைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, கம்பெனியே தண்ணீர் கலந்து தரும் ப்ரீமிக்ஸ். 'ரெடி டு யூஸ்' என்று லேபிளில் இருந்தால், அதில் நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கத் தேவையில்லை.

பெரும்பாலான கான்சன்ட்ரேட்டுகளில் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். இதோடு, உலோகம் அரிக்காமல் பாதுகாக்கும் ரசாயனங்களும் சேர்ந்திருக்கும். 'நல்ல பொருள்தானே, தண்ணீரே கலக்காமல் அப்படியே ஊற்றிவிட்டால்?' என்று கேட்கலாம். அதுவும் தவறு. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதே எடை கிளைக்கால், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் சுமக்கும். அதனால் இன்ஜின் குளிர்வது குறைந்துவிடும்.

சரி, வெறும் தண்ணீர் மட்டும்? அது 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனமும் அதில் கிடையாது. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு உயர்கிறது. ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேரும்போது 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். உறைநிலையும் மைனஸ் 37 டிகிரி வரை இறங்கிவிடும். சென்னைக்கு இது தேவைப்படாது. லடாக்குக்குக் கார் ஓட்டிப்போகும் கூட்டத்துக்கு நிச்சயம் தேவைப்படும்.

ஆக, கூலன்ட் கலவையில் பாதி தண்ணீர். அந்தப் பாதி எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

'அந்தக் காலத்துல பைப் தண்ணிதானே ஊத்தினோம்!'

வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது உண்மைதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து டிரைவர்கள் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். அன்றைய ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளையால் ஆனவை. அடைப்பு விழுந்தால் கழற்றி, சுத்தம் செய்து, ஈயம் வைத்து மறுபடி மாட்டிவிடலாம்.

இன்றைய கார்களில் ரேடியேட்டர் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது. பக்கவாட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். பல கார்களில் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம்தான். எடை குறைவு, மைலேஜ் அதிகம். ஆனால், குழாயின் துவாரம் சிறியது, உலோகமும் மெல்லியது. உப்பு படிந்தால் சீக்கிரம் அடைக்கும், அரித்தால் சீக்கிரம் ஓட்டை விழும். அடைத்துப்போன ரேடியேட்டரை முன்போலச் சரிசெய்வதும் கஷ்டம், பல நேரங்களில் புதிதாக மாற்றத்தான் சொல்வார்கள்.

இட்லிப் பானை சொல்லும் பாடம்

போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இட்லிப் பானையின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால்தான் விடும். வாட்டர் ஹீட்டர் காயிலிலும் இதே கதைதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அதாவது சுண்ணாம்புப் படிவு. இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் பாதையில் எங்கே வெப்பம் மிக அதிகமோ, அங்கேதான் இது முதலில் படியும். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் இந்தப் படிவு கடத்தும். இன்ஜினுக்குப் போர்வை போர்த்திவிட்ட மாதிரி!

இரண்டாவது எதிரி குளோரைடு. கடலோர ஊர்களின் கிணற்றிலும் போர்வெல்லிலும் உப்புக் கரிப்பதற்குக் காரணம் இதுதான். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு பாதுகாப்புப் படலம் உண்டு. குளோரைடு அதைத் துளைத்து, ஊசி முனை அளவுக்கு அங்கங்கே குழி பறிக்கும். வெளியே பார்த்தால் ரேடியேட்டர் புதிதாகவே தெரியும். ஒருநாள் திடீரென்று ஒழுக ஆரம்பிக்கும்.

மூன்றாவதாக, தண்ணீரில் உள்ள கால்சியம் கூலன்ட்டோடும் வம்பு செய்யும். சில கூலன்ட்டுகளில், குறிப்பாக ஜப்பானிய வகைகள் பலவற்றில், அரிப்பைத் தடுக்க பாஸ்பேட் சேர்ப்பார்கள். உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் அந்த பாஸ்பேட் படிவாக மாறிவிடும். பாதுகாக்க வேண்டிய பொருளே அடைப்பாகிவிடுகிறது.

நமக்கு ஓகே, இன்ஜினுக்கு இல்லை!

'நாங்க குடிக்கிறதே அந்தத் தண்ணிதான், காருக்கு ஆகாதா?' என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஆச்சர்யம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500, குடிநீருக்கான தரத்தைச் சொல்கிறது. கனரக இன்ஜின்கள் தயாரிக்கும் கேட்டர்பில்லர் நிறுவனம், கூலன்ட்டில் கலக்கும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று குறைந்தபட்சத் தகுதியை வரையறுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

* கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்: குடிநீரில் 500 வரை ஏற்கலாம், இன்ஜினுக்கு 340-ஐத் தாண்டக் கூடாது.
* கடினத்தன்மை: குடிநீரில் 200, இன்ஜினுக்கு 170.
* சல்பேட்: குடிநீரில் 200, இன்ஜினுக்கு 100.
* குளோரைடு: குடிநீரில் 250, இன்ஜினுக்கு வெறும் 40.

வேறு தண்ணீர் கிடைக்காத ஊர்களில் குடிநீரின் வரம்பு இன்னும் தளர்கிறது. குளோரைடு 1,000 வரைகூட அனுமதி உண்டு. அதாவது, மனிதர்கள் குடிக்க அனுமதிக்கப்பட்ட தண்ணீரே இன்ஜினின் வரம்பைப்போல 25 மடங்கு குளோரைடோடு இருக்கலாம். நம் சிறுநீரகம் உப்பை வெளியேற்றிவிடும். ரேடியேட்டருக்கு அந்த வசதி இல்லை. போன உப்பு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எந்தத் தண்ணீர் எப்படி?

போர்வெல், கிணற்றுத் தண்ணீர்: வேண்டவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீர்: ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். சிறுவாணித் தண்ணீரின் சுவைக்கு ஊரே அடிமை. ஆனாலும், நாக்கை வைத்து இன்ஜினுக்குத் தண்ணீர் தேர்வு செய்ய முடியாது.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்: கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். மற்ற உப்புகள் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்றுவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடவும் செய்யும்.

சாஃப்ட்னர் தண்ணீர்: அப்பார்ட்மென்ட்களில் இது சகஜம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குளோரைடு எங்கேயும் போவதில்லை. தவிர்க்கவும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், கேன் வாட்டர்: போர்வெல்லோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால், சுவைக்காகவும் உடல்நலத்துக்காகவும் ஓரளவு தாது உப்புகளை இதில் விட்டுவைப்பார்கள் அல்லது சேர்ப்பார்கள். அவசரத்துக்குச் சரி, முழுதாக மாற்றும்போது வேண்டாம்.

ஏ.சி-யில் சொட்டும் தண்ணீர், மழைத் தண்ணீர்: இரண்டிலும் உப்பு குறைவுதான். ஆனால் ஏ.சி. தண்ணீர், காயிலில் படிந்த தூசி, பூஞ்சை, உலோகத் துகள்களைக் கழுவிக்கொண்டு வருகிறது. மழைத் தண்ணீர், மொட்டைமாடி அழுக்கைச் சுமந்து வருகிறது. வீடு துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர், டி.எம். வாட்டர்: இவைதான் சரியான தேர்வு. ஆவியாக்கிக் குளிர்வித்தது டிஸ்டில்டு வாட்டர். உப்பு அயனிகளை நீக்கிய டிமினரலைஸ்டு தண்ணீர்தான் டி.எம். வாட்டர். 'சுத்தமான தண்ணீர் உலோகத்தை அரிக்கும்' என்று சிலர் பயமுறுத்துவார்கள். தனியாக ஊற்றினால் அந்த ஆபத்து உண்டு. சரியான விகிதத்தில் கூலன்ட் சேர்ந்திருந்தால், அதிலுள்ள ரசாயனங்கள் பார்த்துக்கொள்ளும்.

கடையில் கேட்கும்போது கவனம்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் பேட்டரி கடைகளிலும் 'பேட்டரி வாட்டர்' என்ற பெயரில் இந்தத் தண்ணீர் கிடைக்கும். லேபிளில் டிஸ்டில்டு அல்லது டிமினரலைஸ்டு என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலக் கலவை. கூலன்ட்டில் கலந்தால் இன்ஜின் காலி, கையில் பட்டாலும் ஆபத்து. லேபிள் இல்லாத பாட்டிலை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்க்கலாம். நல்ல டிஸ்டில்டு வாட்டர் பூஜ்ஜியத்தையோ, அதை ஒட்டிய ஒற்றை இலக்கத்தையோ காட்டும். ஐம்பது, நூறு என்று காட்டினால் அது ஆர்.ஓ. தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். இந்த மீட்டரைத் தண்ணீருக்கு மட்டும் பயன்படுத்துங்கள், கூலன்ட்டைச் சோதிக்க இது உதவாது.

சிறிய கார்களின் கூலிங் சிஸ்டத்தில் பொதுவாக 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். அதில் பாதி தண்ணீர் என்றாலும் உங்களுக்குத் தேவை 2, 3 லிட்டர்தான்.

கலக்கும்போது...

* கார் மேனுவலில் எந்த வகை கூலன்ட், என்ன விகிதம் என்று இருக்கும். அதுதான் வேதம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.
* சுத்தமான தனிப் பாத்திரத்தில் அளந்து கலந்துவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.
* பழைய கூலன்ட்டை இறக்கி, தண்ணீர் விட்டு அலசியிருந்தால், அலசிய தண்ணீரில் ஒரு பகுதி இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய தண்ணீரையும் கணக்கில் எடுத்தே கான்சன்ட்ரேட் அளவை முடிவு செய்ய வேண்டும்.
* ரிசர்வாயரில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே அளவு இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல், எங்கே லீக் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நடுவழியில் சூடானால்?

வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால், ஏ.சி-யை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரமாவது பொறுங்கள். அதன் பிறகு தடிமனான துணியை வைத்து மெதுவாகத் திருகுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும்.

அந்த நேரத்தில் டிஸ்டில்டு வாட்டரைத் தேடி அலைய முடியாது. ஆபத்துக்குப் பாவமில்லை. கையில் இருக்கும் குடிதண்ணீரை ஊற்றி மெக்கானிக் ஷெட் வரை போய்ச் சேருங்கள். கூலன்ட் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால், 'அதான் ஓடுதே' என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. லீக்கைச் சரிசெய்த கையோடு, அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிய கலவையை நிரப்பிவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கடும் விஷம். சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் ஜூஸ் மாதிரி இருப்பதால், மீதியான கூலன்ட்டைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. அதன் சொந்த கேனில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், நாயும் பூனையும் நக்கிவிடும். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை காரை சர்வீஸுக்கு விடும்போது இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். 'என்ன கூலன்ட் ஊத்துறீங்க? அதுல என்ன தண்ணி கலக்குறீங்க?' இரண்டாவது கேள்விக்கு ஷெட்டின் குழாயைக் கைகாட்டினால், நீங்களே ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஊற்றிய கூலன்ட்டின் பெயர், கலந்த விகிதம், தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்து யார் பானெட்டைத் திறந்தாலும் அவர்களுக்கும் குழப்பம் இருக்காது.