தடுமாறும் இயந்திரம்

முதல் நாள் மாலை வரை ஒரே சீராக ஓடிய மோட்டார் வண்டி, மறுநாள் காலையில் புறப்பட்டவுடன் நடுங்கத் தொடங்குகின்றது. அதன் ஓசை ஒரே இழையாகச் செல்லாமல் இடையிடையே அறுந்து தொடர்கின்றது. மேடு ஏறுங்கால் வண்டி வலிமை குன்றித் திணறுகின்றது. இந்நிலையைப் பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்பர். பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவர் எவரும் இவ்வோசையைக் கேட்டு ஒரு முறையேனும் கலங்காமல் இருந்திரார்.

மனிதனுக்கு வரும் நோய்களுள் நாட்பட வளர்வன சில. திடீரெனத் தோன்றுவன சில. இயந்திரத்திற்கும் அவ்வாறே. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரின் உட்சுவரும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. அத்தேய்வால் வரும் தளர்ச்சி ஓட்டுபவருக்கே புலப்படாமல் ஏறி வரும். ஓர் இரவுக்குள் வந்த தடுமாற்றமோ அத்தகையதன்று. கழன்ற கம்பி, அடைபட்ட துளை, கிழிந்த குழாய், வெடிப்புற்ற மூடி போன்ற சிறு பொருள் ஒன்றே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். அவ்வொன்றைக் கண்டுபிடியாமல் பலவற்றையும் மாற்றுவோர் கைப்பொருளை இழப்பர். சில வேளைகளில் பழுதற்ற உறுப்பையும் பழுதாக்கிவிடுவர்.

இதனை விளக்க அம்பாசடர் கார் மிகவும் ஏற்றது. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி அமைந்த இவ்வண்டி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவாக்கப்பட்டது. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய நாள் முதலாகத் தமிழகத்தின் வாடகைக் கார் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் அதுவே நீண்ட காலம் நிறைந்திருந்தது. அதன் பழைய பெட்ரோல் இயந்திரத்தின் அமைப்பு எளியது. கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியத் தக்கது.

அவ்வியந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றுகின்றது. 1876இல் ஜெர்மானியராகிய நிக்கொலஸ் ஓட்டோ வெற்றியுடன் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறை இதுவே. நான்கு சிலிண்டர்களும் ஒருங்கே எரிவதில்லை. முதலாவது, மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்னும் முறையில் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. ஆதலால் அவற்றுள் ஒன்று தன் பணியைச் செய்யாது நின்றால், நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் தோள் விலக்கியது போல இயந்திரம் முழுவதும் ஆடுகின்றது.

சிலிண்டர் எரிவதற்கு மூன்று வேண்டும். கலவை தக்க அளவில் வரவேண்டும். அது நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய நொடியில் தீப்பொறி பறக்க வேண்டும். இவற்றுள் திடீரெனப் பெரிதும் தவறுவது தீப்பொறியே. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் 'காயில்' என்னும் கம்பிச் சுருளில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்கின்றது. அதனை டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி, நான்கு தடித்த கம்பிகளின் வழியே நான்கு பிளக்குகளுக்கும் முறையாகப் பங்கிட்டு அனுப்புகின்றது. டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே இருக்கும் 'பாயிண்டு' திறக்குந்தோறும் ஒரு தீப்பொறி பிறக்கும். இயந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும்போது நொடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். பாயிண்டு திறக்கும் இடைவெளியோ ஓர் அங்குலத்தை ஆயிரங்கூறிட்டால் ஏறத்தாழப் பதினைந்து கூறு. இத்துணை நுட்பமான ஏற்பாடு வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் பல்லாண்டு உழைப்பதே வியப்பு. அது எப்போதேனும் தவறுவதில் வியப்பில்லை.

ஐப்பசி மாதத்து அடைமழையில், தஞ்சாவூரில் வாடகைக் கார் ஓட்டும் முதியவர் ஒருவர் இவ்விடரை எதிர்கொண்டார் எனக் கொள்க. மறுநாள் விடியலில் திருமண வீட்டாரைக் கும்பகோணத்திற்கு அழைத்துச் செல்வதாக ஒப்பி, முன்பணமும் பெற்றுவிட்டார். பிற்பகலில் வண்டி நடுங்குகின்றது. "கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அண்ணே" என்கிறார் நிலையத்து இளைஞர் ஒருவர். "பாயிண்டை மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, பல நாள் வருவாயை விழுங்கும் செலவைக் கணக்கிடுகின்றார். மூவர் கூற்றும் நடக்கக் கூடியவையே. எனினும் முதியவர் எதனையும் கழற்றவில்லை. நடுக்கம் நான்கு சிலிண்டர்களுக்கும் உரியதா, ஒன்றற்கு மட்டும் உரியதா என்பதையே அவர் முதலில் அறிய விரும்பினார்.

இவ்வினா மிக முதன்மையானது. கார்புரேட்டர் ஒன்றே, அதுவே நான்கிற்கும் கலவை தருகின்றது. பெட்ரோல் பம்பும் ஒன்று; காயிலும் ஒன்று; பாயிண்டும் அதனை அடுத்த கண்டென்சரும் ஒவ்வொன்றே. இப்பொது உறுப்புகளில் பழுது நேர்ந்தால் நான்கு சிலிண்டர்களும் மாறி மாறித் தவறும். பெட்ரோலில் நீர் கலந்திருந்தாலும் அவ்வாறே. பிளக், அதன் கம்பி, வால்வு முதலியன தனித்தனியே அமைந்தவை. அவை கெட்டால் குறிப்பிட்ட சிலிண்டர் மட்டுமே தவறும். ஆகவே இவ்வொரு வினாவின் விடையால் ஐயத்திற்குரிய உறுப்புகளில் பாதி நீங்கிவிடும்.

முதியவர் வண்டியைக் கியரில்லாமல் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டார். கையில் தடித்த ரப்பர் உறை அணிந்து, பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து மீண்டும் பொருத்தினார். வெறுங்கையால் இதனைச் செய்தல் ஆகாது. அக்கம்பியில் ஓடும் மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும். பெட்ரோல் கசியும் வண்டியில் உறையணிந்தும் செய்தல் ஆகாது. முதற் கம்பியை எடுத்தபோது நடுக்கம் மிகுந்தது. இரண்டாவதிலும் நான்காவதிலும் அவ்வாறே. மூன்றாவதை எடுத்தபோது மட்டும் எவ்வித மாறுதலும் இல்லை. உழைத்துக் கொண்டிருந்தவற்றை நிறுத்தியதால் ஓட்டம் குன்றியது. முன்னரே உழைக்காதிருந்ததை நிறுத்தியதால் ஒன்றும் நேரவில்லை. எனவே பிணியுற்றது மூன்றாம் சிலிண்டர். கார்புரேட்டரும் பாயிண்டும் குற்றமற்றவை.

பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, மூன்றாம் பிளக்கைக் கழற்றினார். பிளக்கின் முனை சிலிண்டரின் உள்நிலையைக் காட்டும் கண்ணாடி எனலாம். இளம் பழுப்பு நிறம் நலத்தைக் குறிக்கும். உலர்ந்த கருமை பெட்ரோல் மிகுதியைக் குறிக்கும். எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் வளையமோ வால்வின் வழியோ தேய்ந்தது எனக் கொள்ளலாம். இப்பிளக்கோ பெட்ரோலில் நனைந்து மணம் வீசியது. கலவை வந்திருக்கின்றது, எரியவில்லை என்பது தெளிவாயிற்று.

அதனைத் துடைத்து நான்காம் சிலிண்டரில் இட்டு, அங்கிருந்ததை மூன்றாவதில் பொருத்தினார். இயந்திரம் ஓடியபோது மூன்றாவதே மீண்டும் வாளாவிருந்தது. பழுது பிளக்கைப் பின்தொடர்ந்து செல்லாமையால் பிளக் நல்லது. அடுத்து, மூன்றாம் கம்பிக்கு மாறாக வேறொரு கம்பியை இட்டுப் பார்த்தார், பயன் இல்லை. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றியதால் ஒவ்வொரு முறையும் ஓர் உறுதியான விடை கிடைத்தது. இரண்டை ஒருங்கே மாற்றியிருந்தால், வண்டி சீராயினும் எதனால் சீராயிற்று என்பது விளங்கியிராது.

எஞ்சியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதனைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, மூன்றாம் கம்பி பொருந்தும் இடத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழை போன்றதொரு கருங்கோடு தெரிந்தது. மழையின் ஈரம் அம்மெல்லிய வெடிப்பில் புகுந்திருந்தது. மின்சாரம் பிளக்கை அடையாமல் அக்கோட்டின் வழியே இரும்பில் பாய்ந்து வீணாயிற்று. பாய்ந்த மின்சாரம் அவ்வழியைக் கரியாக்கியது. கரி மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்தியது. ஆதலால் ஈரம் உலர்ந்தாலும் இப்பழுது தானே நீங்காது.

மூடியும் நன்றாக இருந்திருந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்த்திருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தவிடத்துச் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அளவு உயர்ந்தால் வளையம் தேய்ந்தது. உயராவிடில் பெரும்பாலும் வால்வு கருகியது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் ஒருங்கே குறைந்தால், அவற்றிடையே கேஸ்கெட் கிழிந்தது என்று உய்த்துணர்வர். மெதுவாக ஓடும்போது மட்டும் நடுங்கி, விரைவில் ஓரளவு சீராகும் வண்டியில் காற்று கசியும் இணைப்பைத் தேடுவர்.

நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். கீழிறங்கி இயந்திர எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். பிற்கால வண்டிகளில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி இதனால் அளவிறந்து வெப்பமுற்றுக் கெடும். அவ்வண்டிகளில் எந்தச் சிலிண்டர் தவறுகின்றது என்பதைக் கணிப்பொறியே குறித்து வைக்கும். ஆயினும் பிளக்கா கம்பியா காயிலா என்பதை அங்கும் மனிதனே தேடியாக வேண்டும்.

கடையில் புதிய மூடி சிறு தொகைக்குக் கிடைத்தது. முதியவர் பழைய மூடியிலிருந்து ஒவ்வொரு கம்பியாக எடுத்து, முறை பிறழாமல் புதியதில் பொருத்தினார். இயந்திரம் முன்போல் ஒரே இழையாக ஓடியது. பொழுது இன்னும் சாயவில்லை. பழைய மூடியின் கருங்கோட்டைத் துணியால் துடைத்து, கார்புரேட்டரைக் கழற்றச் சொன்ன இளைஞரிடம் காட்டிவிட்டு, அவர் வண்டியைக் கழுவச் சென்றார்.