பழைய கணிப்பொறிக்கு மராமத்தா, மறுகட்டுமானமா?

நம் கல்லூரி மாணவர் பலர் வீட்டில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கும். அண்ணனோ அக்காளோ படித்த காலத்தில் வாங்கியதாக இருக்கும். படிப்பின் பேரால் வீட்டுக்குள் நுழைந்து, விளையாட்டின் பேரால் வாழ்ந்து வருவது அது. புதிய விளையாட்டு ஒன்றைப் போட்டதும் திரை திக்கித் திணறத் தொடங்கும். உடனே வீட்டில் கேள்வி எழும்: சில பாகங்களை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?

கல்லலில் எங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. எனவே எங்கள் பெட்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கின்றேன். 2014-இல் அண்ணன் அசெம்பிள் செய்து வாங்கியது அது. இன்டெல் கோர் ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் ஒன்று, 2 ஜி.பி. நினைவகம் கொண்ட ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு, ஒரு ஹார்டு டிஸ்க், பெயர் தெரியாத ஒரு எஸ்.எம்.பி.எஸ். இதில் தம்பி விளையாடுகின்றான். நான் என் புராஜெக்ட் வேலையைச் செய்கின்றேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 18,000 ரூபாய்தான் கையில் இருந்தது. என் மேற்படிப்பு விண்ணப்பச் செலவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். கடையில் கேட்டபோது, "தம்பி, இதெல்லாம் பழைய சரக்கு. மொத்தமா மாத்திடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வயதை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. பார்க்க வேண்டியது வேறு.

முதலில், எந்தப் பாகம் தடுக்கின்றது என்று அறிய வேண்டும். திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடினால்தான் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. அந்நேரத்துக்குள் எதிரி எங்கே நிற்கின்றான், குண்டு எங்கே பாய்கின்றது என்பனவற்றைப் பிராசஸர் கணக்கிட வேண்டும். அதைக் கிராபிக்ஸ் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சமையற்காரர் எவ்வளவு விரைவாக வடித்துக் கொட்டினாலும், பரிமாறுபவர் மெதுவாக நடந்தால் இலை காலியாகத்தானே கிடக்கும்? இங்கும் இருவரில் மெதுவானவர் யாரோ அவரே வேகத்தைத் தீர்மானிக்கின்றார்.

அவர் யார் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்பில் திரைத் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கணக்கிட வேண்டியவையோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். வேகம் நன்றாகக் கூடினால் தடை கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. கூடவே இல்லையென்றால் பிராசஸரில் உள்ளது. எங்கள் பெட்டியில் 34 படங்கள் 58 ஆயின. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

அடுத்து வருவதுதான் முக்கியமான பகுதி. செட்டிநாட்டில் பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது என்ன நடக்கின்றது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, பிறகு எங்கோ ஒரு புது வீட்டில் ஏறிவிடுகின்றன. அஸ்திவாரத்தை யாரும் பெயர்த்து எடுத்துப் போவதில்லை. கணிப்பொறியில் மதர்போர்டும் பிராசஸரும் ராமும் அஸ்திவாரம். கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., கேபினட் ஆகியவை கதவும் தூணும். பழைய பெட்டிக்கு இன்று வாங்கும் பொருள் நாளை கட்டும் புதுப் பெட்டிக்கும் வருமா என்பதே நான் கைக்கொண்ட அளவுகோல். வருமென்றால் தயங்காமல் வாங்கலாம்.

இந்த அளவுகோலால் அளந்தபோது, பலரும் எனக்குச் சொன்ன இரண்டு யோசனைகள் அடிபட்டுப் போயின. பழைய ஐ7-4770 வாங்கிப் போடு என்றார்கள். 4 கோர்களில் 8 இழைகள் ஓடும் நல்ல பிராசஸர்தான். எங்கள் மதர்போர்டில் பொருந்தவும் செய்யும். ஆனால் அது உட்காரும் எல்.ஜி.ஏ.1150 சாக்கெட்டை இன்டெல் நிறுவனம் 2015-இலேயே 1151 ஆக மாற்றிவிட்டது. 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851 என்று மாற்றம் தொடர்ந்தது. வேறு எங்கும் அது குடியேற முடியாது. இன்னொரு 8 ஜி.பி. ராமைச் சேர்த்தால் இரு வழிகளிலும் தரவு ஓடி, நொடிக்கு 12.8 ஜி.பி. என்பது 25.6 ஆகும். பயன் உண்டுதான். எனினும் டி.டி.ஆர்.3 ராம் டி.டி.ஆர்.4 பலகையில் நுழையாது, டி.டி.ஆர்.4 ராமும் டி.டி.ஆர்.5 பலகையில் நுழையாது.

ஏ.எம்.டி. பலகை வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்விக்கு வேறு விடை கிடைக்கலாம். 2017-இல் வந்த ஏ.எம்.4 மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரையே பொருத்திவிடலாம். அங்கே பிராசஸரை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். கடைக்காரர் கேட்காவிட்டாலும் உங்கள் மதர்போர்டின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் இரண்டு கண்ணிகள் உள்ளன. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. 2022-இல் வந்தது என்பதால் பழைய கார்டுகளைவிட அது மேல் என்று தோன்றும். ஆனால் அதற்கு நான்கு பாதைகளே உண்டு. நான்காம் தலைமுறைப் பலகையில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜி.பி. பெறும் அக்கார்டு, எங்கள் எச்81 பலகையின் இரண்டாம் தலைமுறை இணைப்பில் 2 ஜி.பி.தான் பெறும். 16 பாதைகள் கொண்ட ஜி.டி.எக்ஸ். 1650 அதே பலகையில் 8 ஜி.பி. பெறுகின்றது. மற்றொரு கண்ணி, மலிவாகக் கிடைக்கும் 1050 டி.ஐ. அது 2016-ஆம் ஆண்டுக் குடும்பம். அக்குடும்பத்துக்கும் எங்கள் 750 டி.ஐ. குடும்பத்துக்கும் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

ஆகவே 2019-இல் வந்த 1650-ஐச் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கினோம். விற்பவரின் கணிப்பொறியிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறியின் சத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். 75 வாட்டுக்குள் இயங்குவதால் அதற்குத் தனி மின்கம்பி தேவையில்லை. பலகையின் இணைப்பே போதும். (தனிக் கம்பி கேட்கும் சில வகைகளும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.)

எஸ்.எம்.பி.எஸ். பற்றியும் ஒரு சொல். பெட்டிமேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். எங்களுடையதில் 18 ஆம்பியர் என்றிருந்தது. ஆக 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் இதிலிருந்துதான். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் தனியாகப் போகாது, துணைக்கு மதர்போர்டையும் அழைத்துச் செல்லும். எனவே நல்லதொன்றைப் புதிதாகவே வாங்கினோம். கூடவே ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. இம்மூன்றும் போக 4,000 ரூபாய் மீந்தது. மூன்றும் அடுத்த பெட்டிக்கும் வரும்.

அஸ்திவாரத்தை இப்போது மாற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. செயற்கை அறிவுக் கணிப்பு நிலையங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை வேகமாக ஏறியது. அந்நேரத்தில் புதுப் பெட்டி கட்டினால் பணத்தில் பெரும் பங்கு ராமுக்கே போய்விடும்.

ஆனால் தள்ளிப் போடுவதற்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் 2017-இன் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. அதனால் எங்கள் எஸ்.எஸ்.டி.யை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பகுதியில் உபுண்டு: என் படிப்பு, வங்கி, விண்ணப்பம் எல்லாம் அதில். மறுபகுதியில் விண்டோஸ் 10: தம்பியின் விளையாட்டு மட்டும். அதில் எந்தக் கடவுச்சொல்லையும் சேமிப்பதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்கியிருக்கின்றேன்.

720 சோதனையில் வேகம் கூடாத விளையாட்டுகள் பெருகும்போதும், 8 ஜி.பி. ராம் எப்போதும் நிரம்பியே இருக்கும்போதும், தேவையான மென்பொருள் விண்டோஸ் 11-ஐத்தான் கேட்கும்போதும் மராமத்துக்கு இடமில்லை. அப்போது மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தே வாங்க வேண்டும். ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் வைத்தால், மூன்றாவது வருவதற்குள் முதலாவதின் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்.