ஏசியும் விமானமும்

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்துக்குப் பெட்டி படுக்கைகளோடு ஏசிகளும் வந்து இறங்கின. வீரர்களின் அறைகளில் ஏசி கிடையாது என்று அமைப்பாளர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தரைக்கு அடியில் குழாய்களில் ஓடவிட்டு அறையைக் குளுமையாக்குவது அவர்கள் ஏற்பாடு. வெளியே இருப்பதைவிட உள்ளே 6 டிகிரியாவது குறையும் என்றார்கள். பல நாட்டு அணிகள் நம்பவில்லை. ஆளுக்கு இத்தனை என்று ஏசி கேட்க, எண்ணிக்கை 2,500ஐத் தொட்டது. நம் விளையாட்டு அமைச்சகமும் இந்திய வீரர்களுக்கு 40 ஏசி அனுப்பியது. நாலு வருட உழைப்பு ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டு வீணாகலாம் என்றால் யார்தான் அனுப்பமாட்டார்கள்?

ஏசி வேண்டாம் என்றதற்குக் காரணம் கார்பன் கணக்கு. லண்டன் 2012, ரியோ 2016 ஒலிம்பிக்குகளின் கார்பன் தடம் சராசரியாகச் சுமார் 35 லட்சம் டன். அதைப் பாதியாக்குவோம் என்பது பாரிஸின் சபதம். போட்டி முடிந்து டிசம்பரில் அவர்களே வெளியிட்ட கணக்கு 15.9 லட்சம் டன்.

இந்தக் குறைப்பில் பெரும்பங்கு கட்டாமல் விட்டதில் கிடைத்தது. மைதானங்களில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. நீச்சல் பந்தயத்துக்குப் பிரம்மாண்ட அரங்கம் கட்டவில்லை; பாரிஸ் புறநகரான நாந்தேரில் ரக்பி ஆடும் உள்ளரங்கத்துக்குள் ஒரு குளத்தைப் பொருத்தினார்கள். பிரான்ஸ் நீச்சல் வீரர் லியோன் மார்ஷான் நாலு தங்கம் அள்ளியது அதில்தான். புதிதாக எழுப்பியது செயின்ட் டெனிஸில் ஒரு நீர் விளையாட்டு மையம், டைவிங் போன்றவற்றுக்கு. அதையும் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். மரத்தாலான கூரை, தொட்டில் போல நடுவில் தொய்ந்து இறங்கும். உள்ளே காற்றின் கொள்ளளவு குறைந்தால் சூடாக்கும் செலவும் குறையும் அல்லவா? கூரைமேல் சூரிய மின்தகடுகள். இருக்கைகள் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தவை. பாட்டில் மூடிகளும் அதில் உண்டு. லண்டனில் ஜெனரேட்டர்கள் 40 லட்சம் லிட்டர் டீசல் குடித்தன என்பார்கள். பாரிஸில் மைதானங்களுக்கு நேரடியாக மின் இணைப்பு இழுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டில்தான் சண்டை வந்தது. பழைய மின் நிலையம் ஒன்றைச் சாப்பாட்டுக் கூடமாக்கி, கார்பனைக் குறைக்கக் காய்கறி, பருப்பு வகைகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். முட்டையும் கோழியும் போதவில்லை என்று பிரிட்டன் அணி முறையிட்டது. கடைசியில் முட்டையையும் இறைச்சியையும் கூடுதலாக வரவழைத்தார்கள்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். பாரிஸின் மொத்தத் தடத்தில் பாதிக்கு மேல் பயணம். அதிலும் பார்வையாளர்கள் ஏறி வந்த விமானங்கள்தான் பெரும்பகுதி. ஓடவும் குதிக்கவும் வந்தவரின் தட்டில் முட்டையை எண்ணுகிறோம். கண்டம் தாண்டிப் பறந்து வந்து வேடிக்கை பார்ப்பவருக்கு டிக்கெட்டை விற்றுவிட்டு வாய்மூடி இருக்கிறோம். டிக்கெட் பணம் வேண்டும், ஊர் ஓட்டல்கள் நிரம்ப வேண்டும். இதில் எந்த அமைப்பாளர் கை வைப்பார்?

கை வைக்க வழி இல்லாமல் இல்லை. ரயிலில் வந்து சேரக்கூடியவர்களுக்கு டிக்கெட்டில் பெரும்பங்கை ஒதுக்கலாம். தூரத்து ரசிகர்களுக்கு அவரவர் நகரத்திலேயே பெரிய திரை வைத்துத் திருவிழா நடத்தலாம். வருமானம் குறையும், உண்மைதான்.

கால்பந்து இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையின் தடம் ஃபிஃபா கணக்கிலேயே சுமார் 36 லட்சம் டன். அதைக் கார்பன் சமநிலைப் போட்டி என்று விளம்பரம் செய்தது தவறு என்று 2023இல் ஸ்விட்சர்லாந்தின் விளம்பர நெறி ஆணையம் சொல்லிவிட்டது. ஃபிஃபா அசரவில்லை. ஏற்கெனவே முடிவு செய்தபடி 2026க்கு 32 அணிகளை 48 ஆக்கி, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று 16 நகரங்களில் 104 ஆட்டங்களைப் பரப்பியது. 2030 போட்டி ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில். உலகக் கோப்பையின் நூற்றாண்டு என்பதால் தொடக்கத்தில் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில் ஆளுக்கு ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் ஆடும் அணிகள் அடுத்த ஆட்டத்துக்கு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும், ரசிகர்களும் கூடவே.