லுத்தரன் திருச்சபை ஆண்டு: வழிபாடும் ஞானோபதேசமும்

இயேசு கிறிஸ்துவின் பிறப்பு, பாடுகள், மரணம், உயிர்த்தெழுதல், பரமேறுதல் ஆகியவற்றையும் பரிசுத்த ஆவியின் வருகையையும் ஓராண்டுக்குள் வரிசையாக நினைத்து வழிபடுவதற்கு அமைந்த கால ஒழுங்கே திருச்சபை ஆண்டு எனப்படும். இது ஜனவரி 1 அன்று தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்வரும் நான்காம் ஞாயிற்றில் தொடங்குகிறது. ரோமன் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன் சபையார் ஆகியோர் இவ்வொழுங்கைப் பெரும்பாலும் பொதுவாகக் கைக்கொள்கின்றனர். ஆயினும் லுத்தரன் மரபில் இதற்குத் தனியான ஒரு பயன் உண்டு. பள்ளிக்குப் பாடத்திட்டம் எப்படியோ, சபைக்குத் திருச்சபை ஆண்டு அப்படி. அதற்குரிய பாடநூல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணையும் முறையையும், கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியின் தொழிற்சாலை வாழ்க்கையில் அவை பெறும் பொருளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கிருஷ்ணகிரியும் லுத்தரன் மரபும்

தமிழ்நாட்டில் லுத்தரன் பணி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் தொடங்கியது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சோ ஆகிய இருவரும் அன்று வந்திறங்கினர். சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி முடிந்தது. லுத்தரின் ஞானோபதேசத்தையும் அவர் தமிழாக்கினார். பிற்காலத்தில் லைப்சிக் மிஷன் தொடர்ந்து நடத்திய இப்பணியிலிருந்து 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று.

கிருஷ்ணகிரிக்கு இதில் தனி இடம் உண்டு. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் ஆகிய இருவரும் வேதாகமத்தின் தெய்வீக ஏவுதல் பற்றிய கொள்கை வேறுபாட்டால் அந்த மிஷனை விட்டு விலகினர். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை 1894இல் இவ்விருவரையும் தன் மிஷனரிகளாக நியமித்தது. நேத்தர் 1895இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். மோன் ஆம்பூரில் பணியாற்றினார். அக்காலத்தில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பின்னர் பர்கூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்கும் இப்பணி பரவியது. இந்த மிஷனிலிருந்து வளர்ந்ததே 1958இல் அமைந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. போதனை சார்ந்த கேள்வியின்மேல் பிறந்த பணி என்பதால், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஞானோபதேசம் கற்பிப்பது இதில் தொடக்கம் முதலே முதன்மை பெற்றது.

பண்டிகைகள் ஏன் கைவிடப்படவில்லை?

சீர்திருத்தக் காலத்தில் சில சபைகள் வேதாகமத்தில் நேரடியாகக் கட்டளையிடப்படாத பண்டிகைகளை நீக்கின. லுத்தரன் சபைகள் அப்படிச் செய்யவில்லை. 1530 ஜூன் 25 அன்று வாசிக்கப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 15ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. பாவமின்றிக் கைக்கொள்ளக்கூடியவையும், சபையில் சமாதானத்துக்கும் நல்லொழுங்குக்கும் உதவுபவையுமான பண்டிகைகளையும் முறைமைகளையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் கைக்கொள்வதால் இரட்சிப்பு கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. மனச்சாட்சிக்கு அவற்றைச் சுமையாக்கவும் கூடாது. இதுவே அப்பிரிவின் கருத்து.

எனவே லுத்தரன் மரபில் பண்டிகை புண்ணியம் சேர்க்கும் நாளன்று. சுவிசேஷத்தைக் கேட்கும் நாள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஆண்டின் அமைப்பு

திருச்சபை ஆண்டு இரு பாதிகளைக் கொண்டது. அட்வெந்து முதல் பெந்தெகோஸ்தே வரை உள்ள முதற்பாதி, ஆண்டவர் நமக்காகச் செய்ததைச் சொல்லுகிறது. திரித்துவ ஞாயிறு முதல் ஆண்டின் இறுதி வரை உள்ள பிற்பாதி, அதைப் பெற்றுக்கொண்டவர்களின் வாழ்க்கையைச் சொல்லுகிறது.

அட்வெந்து: நான்கு ஞாயிறுகள். கிறிஸ்து மாம்சத்தில் வந்ததையும் இனி நியாயாதிபதியாக வரப்போவதையும் நினைக்கும் ஆயத்த காலம். நிறம் ஊதா அல்லது நீலம்.

கிறிஸ்து பிறப்பு: டிசம்பர் 25 தொடங்கிப் பன்னிரண்டு நாள்கள். நிறம் வெள்ளை.

பிரசன்னத் திருநாள்: ஜனவரி 6. சாஸ்திரிகள் பாலகனைப் பணிந்துகொண்டதை நினைக்கும் நாள். புறஜாதியாருக்கும் கிறிஸ்து வெளிப்பட்டார் என்பதே இதன் பொருள்.

லெந்து காலம்: சாம்பற்புதன் முதல் நாற்பது நாள்கள், இக்கணக்கில் ஞாயிறுகள் சேர்வதில்லை. பாடுகளின் வரலாற்றை வாரநடுவில் தியானிப்பது வழக்கம். அல்லேலூயா பாடப்படுவதில்லை. நிறம் ஊதா. இதன் இறுதி வாரத்தில் குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகியவை வருகின்றன. பெரிய வெள்ளிக்குரிய நிறம் கறுப்பு.

உயிர்த்தெழுந்த திருநாள்: ஆண்டின் மையம். நிறம் வெள்ளை. இதிலிருந்து நாற்பதாம் நாள் பரமேறின திருநாள். அது எப்போதும் வியாழக்கிழமையில் வரும். ஐம்பதாம் நாள் பெந்தெகோஸ்தே. அதன் நிறம் சிவப்பு.

திரித்துவ காலம்: பெந்தெகோஸ்தேக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. அதற்குப் பின்வரும் ஞாயிறுகளுக்குப் பச்சை நிறம். அக்டோபர் 31 அன்று, அல்லது அதை ஒட்டிய ஞாயிற்றில், 1517இல் லுத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டதை நினைக்கும் சீர்திருத்தத் திருநாள் கொண்டாடப்படும். அதன் நிறம் சிவப்பு.

நாள்களைக் கணக்கிடும் முறை

கிறிஸ்து பிறப்பு மாறாத நாள். உயிர்த்தெழுந்த திருநாளோ ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். இந்தப் பௌர்ணமி பெரும்பாலும் நம் பங்குனிப் பௌர்ணமியாக அமையும். ஆகவே ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது.

2026ஆம் ஆண்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

சாம்பற்புதன்: பிப்ரவரி 18
பெரிய வெள்ளி: ஏப்ரல் 3
ஈஸ்டர்: ஏப்ரல் 5
பரமேறின திருநாள்: மே 14
பெந்தெகோஸ்தே: மே 24
திரித்துவ ஞாயிறு: மே 31
அட்வெந்து முதல் ஞாயிறு: நவம்பர் 29

திரித்துவ ஞாயிற்றுக்கும் அட்வெந்துக்கும் இடையில் அவ்வாண்டில் 25 ஞாயிறுகள் உள்ளன. ஈஸ்டர் முன்னதாக வந்தால் இவ்வெண்ணிக்கை கூடும். பிந்தி வந்தால் குறையும்.

ஆராதனையில் வாசிப்பு

ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய வேதபாடங்கள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பழைய முறையில் ஒரு நிருப வாசிப்பும் ஒரு சுவிசேஷ வாசிப்பும் உண்டு. அவையே ஆண்டுதோறும் திரும்ப வரும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாண்டு வட்டம் பல சபைகளில் இடம்பெற்றது. அதில் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய சுவிசேஷங்கள் ஆண்டுக்கொன்றாக முதன்மை பெறுகின்றன. யோவான் சுவிசேஷம் மூன்று ஆண்டுகளிலும் பரவலாக வாசிக்கப்படுகிறது.

இந்த ஒழுங்கால் இரு நன்மைகள் உண்டு. போதகர் தமக்குப் பிடித்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பிரசங்கிக்க இயலாது. சபையாரும் அடுத்த ஞாயிற்றின் பகுதியை வீட்டிலேயே முன்னதாக வாசித்து வரலாம்.

பாடல்களும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. தமிழ் லுத்தரன் சபைகளில் இருவகைப் பாடல்கள் உள்ளன. ஒன்று, பப்ரிஷியஸ் (1711–1791) முதலியோர் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்த ஞானப்பாட்டுகள். மற்றொன்று, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இராக தாளத்துடன் இயற்றிய கீர்த்தனைகள்.

சிறிய ஞானோபதேசம்

லுத்தர் 1528 அக்டோபர் முதல் 1529 ஜனவரி வரை சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடும் குழுவில் சென்றார். கிராமத்து மக்கள் கிறிஸ்தவப் போதனையில் ஒன்றும் அறியாதிருந்ததையும், போதகர் பலரும் கற்பிக்கத் திறனற்றிருந்ததையும் கண்டார். அதன் விளைவாகவே 1529இல் சிறிய ஞானோபதேசமும் பெரிய ஞானோபதேசமும் வெளிவந்தன.

சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவை வினா விடையாக அமைந்துள்ளன. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை இது என்ற குறிப்பு இந்நூலில் இடம்பெறுகிறது. அதாவது இது முதலில் வீட்டுக்காக எழுதப்பட்ட நூல். காலை ஜெபம், மாலை ஜெபம், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபங்கள் ஆகியவற்றையும் லுத்தர் சேர்த்திருக்கிறார்.

கற்பிக்கும் முறை பற்றியும் நூலின் முன்னுரையில் அறிவுரை உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தையே மாற்றாமல் சொல்லித்தர வேண்டும்; இந்த ஆண்டு ஒரு சொல், அடுத்த ஆண்டு வேறு சொல் என்றால் அவர்கள் குழம்புவார்கள். முதலில் பாடம், பிறகு பொருள், அதன்பின் விரிவான விளக்கம். வகுப்பறையில் நின்ற எவரும் இதன் உண்மையை அறிவர். இந்த அடிப்படையில் கற்ற பிள்ளைகள் சபையார் முன்னிலையில் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெறுவது வழக்கம்.

ஆண்டும் ஞானோபதேசமும் இணையும் இடங்கள்

விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதியைத் திருச்சபை ஆண்டோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே வரிசையில் செல்வதைக் காணலாம். பிறப்பைச் சொல்லும் இடம் கிறிஸ்து பிறப்புத் திருநாள், பாடும் மரணமும் பரிசுத்த வாரம், உயிர்த்தெழுதல் ஈஸ்டர், பரமேறுதல் அதற்குரிய வியாழன், நியாயந்தீர்க்க வருதல் ஆண்டின் இறுதி ஞாயிறுகளும் அட்வெந்தும். மூன்றாம் பகுதி பெந்தெகோஸ்தேக்கு உரியது. படைப்பைச் சொல்லும் முதற்பகுதியை அறுப்பின் பண்டிகையில் கற்பிக்கலாம்.

மற்றப் பகுதிகளுக்கும் இப்படிப் பொருத்தமான காலங்கள் உள்ளன. ஞானஸ்நானத்துக்கு லெந்தும் ஈஸ்டரும், திருவிருந்துக்குப் பெரிய வியாழன், பாவ அறிக்கைக்குச் சாம்பற்புதன் ஆகியவை ஏற்றவை. ஈஸ்டருக்குப் பின்வரும் ஐந்தாம் ஞாயிற்றுக்குப் பழைய லுத்தரன் நாட்காட்டியில் 'ரொகாத்தே' என்று பெயர். வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள்; கர்த்தருடைய ஜெபத்தைக் கற்பிக்க ஏற்ற நாள் அது. நீண்ட திரித்துவ காலத்தில் கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர் இவ்வாறு வகுத்துக்கொண்டால் ஓராண்டில் முழு ஞானோபதேசமும் முடிந்துவிடும்.

தொழிற்சாலை நாட்காட்டியும் திருச்சபை நாட்காட்டியும்

1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையால் ஓசூர் பெருந்தொழில் நகரமாயிற்று. பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களில் லுத்தரன் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இரு நாட்காட்டிகள்: ஒன்று ஆலயத்தில், மற்றொன்று ஆலைவாசலில்.

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் விடுமுறைகளை 1958ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. அதன்படி நான்கு தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளும் உண்டு. எல்லாச் சமயத்தாரின் பண்டிகைகளும் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். சாம்பற்புதன், பெரிய வியாழன், பரமேறின திருநாள் ஆகியவை வேலை நாள்களாகவே இருக்கும். ஞாயிறும் உறுதியன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றை வார விடுமுறையாக வைத்தாலும், அதற்கு முன்னோ பின்னோ உள்ள மூன்று நாள்களில் ஒன்றை மாற்று விடுமுறையாகத் தந்து ஞாயிறன்று வேலை வாங்க இடமளித்தது. ஷிப்ட் முறையில் வேலை செய்பவர் லெந்துகாலத்தின் பாதி ஞாயிறுகளைத் தவறவிட நேரலாம்.

இப்படிப்பட்டவர் மூன்றாம் கற்பனையாகிய ஓய்வுநாள் கற்பனையை மீறுகிறாரா என்ற கேள்வி எழுகிறது. பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் தரும் விளக்கம் இங்கே உதவுகிறது. வாரம் முழுதும் உழைக்கும் வேலைக்காரர்களுக்கு உடல் ஓய்வு தேவை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரு நாள் இன்னொரு நாளைவிடத் தன்னிலேயே பரிசுத்தமானதன்று. எல்லாரும் கூடுவதற்கு வசதியாக ஞாயிறு வழக்கத்தில் வந்தது. நாளைப் பரிசுத்தமாக்குவது தேவவசனமே என்கிறார். எனவே கற்பனையின் மையம் வசனத்தைக் கேட்பது. ஞாயிறு வேலைக்குப் போகிறவர் அதனாலேயே குற்றவாளி ஆவதில்லை. அதே வேளையில், வேலையைக் காட்டி வசனத்தையே விட்டுவிடவும் இடமில்லை.

இங்கேதான் வீட்டுக்கென எழுதப்பட்ட ஞானோபதேசம் பயன்படுகிறது. அன்றைய ஞாயிற்றுக்குரிய சுவிசேஷப் பகுதியை மாற்று விடுமுறை நாளில் குடும்பமாக வாசிக்கலாம். லுத்தரின் காலை ஜெபம் படுக்கையிலிருந்து எழும்போது சொல்வதற்கானது. மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகச் சொல்லி அவ்வொழுங்கு முடிகிறது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர் மாலையில் எழுந்து அதைச் சொன்னாலும் அதன் பொருள் குறைவதில்லை.

எல்லைப்பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. ஓசூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. பிள்ளைகள் பலர் ஆங்கிலவழியில் படிப்பதால் தமிழைப் பேசுவார்களே தவிர, சரளமாக வாசிப்பதில்லை. ஒரே பாடத்தை மாற்றாமல் சொல்லித்தர வேண்டும் என்ற லுத்தரின் அறிவுரை இவர்களுக்கு மிகவும் பொருந்தும். வீட்டில் ஒரு தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்து, பிள்ளைகளுக்குச் செவிவழியாகவே கற்பிக்கலாம். தரங்கம்பாடிக் காலத்திலும் எழுத்தறியாத சபையார் அப்படித்தான் கற்றார்கள். எழுத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு வினாவும் விடையும் என்று தொடங்கினாலும், அடுத்த அட்வெந்துக்குள் ஐம்பதைத் தாண்டிவிடும்.